நீர்த்தெளிப்பான் அறையும் தீ அபாய மணியும்

திருமலைக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்கள் முதற்படியில் கால் வைக்கும் இடம் அலிபிரி. அங்கிருந்து மேலேறும் படிகள் 3,550; பாதையின் நீளம் சுமார் 9 கிலோமீட்டர். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி, 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது. மலையேறுவோரும் இறங்கி வருவோரும் தங்குவதற்காக அடிவாரத்திலும் நகரிலும் பல மாடி விடுதிகள் எழுந்துள்ளன. அவற்றில் இரவு தங்குபவர் நெடுந்தூரம் நடந்து களைத்தவர், கட்டடத்திற்குப் புதியவர், மாடிப்படி எப்பக்கம் இருக்கிறது என்பதையும் அறியாதவர். இத்தகைய இடத்தில் நள்ளிரவில் தீப்பற்றினால், அவரை எழுப்பும் பொறுப்பு ஒரு மணியைச் சார்ந்தது. அம்மணி ஒலிப்பதோ, எவரும் எட்டிப் பாராத ஓர் அறையிலுள்ள இரண்டு கம்பிகளைச் சார்ந்தது.

தீ விபத்தில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் சுவாலையன்று, புகையே. 2011 டிசம்பர் 9ஆம் நாள் அதிகாலையில், கொல்கத்தாவின் டாக்குரியாப் பகுதியிலுள்ள ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையின் நிலவறையில் தீ மூண்டது. அங்கிருந்து எழுந்த புகை மேல்மாடிகளில் பரவியதால் ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மூச்சுத் திணறி இறந்த நோயாளிகள். தீயை அடக்குவது ஒரு வேலை. தீ உண்டாயிற்று என்று உடனே அறிவிப்பது மற்றொரு வேலை. இவ்விரண்டையும் ஒருங்கே செய்ய வல்லது தானியங்கி நீர்த்தெளிப்பான் அமைப்பு.

தெளிப்பான் இயங்கும் விதம்

தானியங்கித் தெளிப்பானை 1874இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஹென்றி பார்மலீ என்பவர் அமைத்தார். பின்னர் பிரடெரிக் கிரின்னல் அதனைப் பெரிதும் திருத்தினார். இன்று வழங்கும் தெளிப்பானில், நீர்வழியை அடைத்து நிற்பது திரவம் நிரம்பிய ஒரு சிறு கண்ணாடிக் குமிழாகும். வெப்பம் ஏறத் திரவம் விரிந்து குமிழை உடைக்கிறது. அடைப்பு விலகி நீர் பாய்கிறது. குமிழின் நிறம் அது உடையும் வெப்பநிலையைக் குறிக்கும். சிவப்பு 68 பாகை செல்சியசிலும், மஞ்சள் 79 பாகையிலும், பச்சை 93 பாகையிலும் உடையும். ஒரு குமிழ் உடைந்தால் எல்லாத் தெளிப்பான்களும் பொழியும் என்று பலர் எண்ணுகின்றனர்; அது தவறு. சூடேறிய தெளிப்பான் மட்டுமே திறக்கிறது.

கட்டடம் முழுவதும் பரவிய இக்குழாய்களுக்கு நீர் வந்து சேரும் இடம் தெளிப்பான் அறை. பிரதான வால்வு, அழுத்தமானி, சோதனைக் குழாய், வடிகால் ஆகியவை அங்கே இருக்கும். மின்சார அறிவிப்புக்கான இரு சாதனங்களும் அங்கேயே பொருத்தப்படுகின்றன.

முதலாவது நீரோட்டச் சுவிட்சு. குழாயினுள் ஒரு மெல்லிய துடுப்பு நிற்கிறது. தெளிப்பான் ஒன்று திறந்து நீர் ஓடத் தொடங்கியதும் துடுப்பு சாய்ந்து சுவிட்சை இணைக்கிறது. நீரேற்றி இயங்கும்போதும் குழாயில் நீர் ஒரு கணம் அதிர்வதுண்டு. அதற்கெல்லாம் மணி ஒலியாதிருக்கச் சுவிட்சில் ஒரு தாமதக் கருவி உள்ளது. இத்தாமதத்தை மிகக் குறைத்தால் பொய் மணி ஒலிக்கும். மிகக் கூட்டினால் மெய் மணி பிந்தும். ஒரே ஒரு தெளிப்பான் திறந்த அளவு நீர் ஓடினாலும் 90 விநாடிக்குள் மணி ஒலித்தாக வேண்டும் என்பது அமெரிக்க விதிமுறை.

இரண்டாவது வால்வுக் காவல் சுவிட்சு. பழுது பார்ப்பதற்காக வால்வை மூடியவர் மீண்டும் திறக்க மறந்துவிட்டால், கட்டடத்தில் தெளிப்பான்கள் இருந்தும் இல்லாததற்குச் சமமே. ஆகவே வால்வின் கைச்சக்கரம் இரண்டு சுற்றுக்குள் திரும்பியதுமே இச்சுவிட்சு எச்சரிக்கை விடுக்க வேண்டும்.

கம்பி அறுந்தால் யார் சொல்வது?

சாதாரண அழைப்பு மணியின் கம்பி அறுந்தால், அடுத்த முறை அழுத்தும்போது அது தெரிந்துவிடும். தீ அபாய மணியோ பத்தாண்டில் ஒரு நாள் கூடத் தேவைப்படாமற் போகலாம். தேவைப்படும் அன்றைக்குத்தான் கம்பி அறுந்த செய்தி தெரியவரும் என்றால் அதனால் பயனில்லை. எனவே மின்சுற்றே தன் நலத்தை ஓயாது அறிவிக்கும்படி அமைக்கப்படுகிறது.

பேனல் எனப்படும் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்பட்டு ஒவ்வொரு சுவிட்சையும் தொட்டுச் செல்கின்றன. கடைசிச் சுவிட்சில் அவ்விரு கம்பிகளுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் இணைக்கப்படுகிறது. அது 4,700 ஓம் எனவும் மின்னழுத்தம் 24 வோல்ட்டு எனவும் கொண்டால், சுற்றில் எப்போதும் சுமார் 5 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். இது நலக்குறி. சுவிட்சு இணைந்தால் மின்னோட்டம் பன்மடங்கு கூடும். பேனல் அதனைத் தீ என்று கொள்ளும். கம்பி அறுந்தால் ஓட்டம் அற்றுப்போகும். பேனல் அதனைப் பழுது என்று காட்டும்.

இந்த அமைப்பைப் பாழாக்கும் பிழைகள் நான்கு. அவை மிக எளியவை. ஆகையால் மிகப் பரவலானவை.

ரெசிஸ்டரைக் கடைசிச் சுவிட்சில் வைக்காமல், வேலை எளிதென்று பேனலுக்குள்ளேயே வைத்துவிடுவது முதற்பிழை. அப்போது வெளியிலுள்ள கம்பி முழுவதும் அறுந்தாலும் பேனல் நலமென்றே காட்டும். கம்பியை வெட்டாமல், தோல் உரித்து வளைத்துத் திருகின்கீழ் மாட்டுவது இரண்டாம் பிழை. திருகு தளர்ந்து சுவிட்சு விடுபட்டாலும் கம்பி தொடர்ச்சியாகவே இருப்பதால் பழுது தெரியாது. வரும் கம்பியும் செல்லும் கம்பியும் தனித்தனியே வெட்டப்பட்டுத் தனித்தனியே திருகப்பட வேண்டும். நடுவழியில் ஒரு கிளை பிரித்துச் சுவிட்சை இணைப்பது மூன்றாம் பிழை. கிளை அறுந்தால் பேனல் அறியாது. காவல் சுவிட்சையும் நீரோட்டச் சுவிட்சையும் ஒரே சுற்றில் கோப்பது நான்காம் பிழை. அவ்வாறு கோத்தால், வால்வு மூடியதற்கும் தீ மணி ஒலிக்கலாம். அல்லது காவல் சுவிட்சு சுற்றைத் துண்டித்து, அதற்கு அப்பாலுள்ள நீரோட்டச் சுவிட்சைச் செயலற்றதாக்கலாம். இரண்டு செய்திகளுக்கு இரண்டு சுற்றுகள் வேண்டும்.

தெளிப்பான் அறை ஈரமானது என்பதையும் மறத்தலாகாது. குழாயின் புறத்தே நீர் முத்து முத்தாகப் படியும். வடிகால் திறக்கும்போது சிதறும். கம்பி நுழையும் துளைகள் நீர் புகாவண்ணம் இறுக்கப்பட வேண்டும். 230 வோல்ட்டுக் கம்பிகளை இக்கம்பிகளோடு ஒரே குழலில் செலுத்தலாகாது. மின்காப்புச் சோதனையைப் பேனலையும் சாதனங்களையும் கழற்றிய பின்னரே செய்ய வேண்டும். அன்றேல் அதன் உயர் அழுத்தம் அவற்றைக் கெடுக்கும்.

ஒரு படிப்பினை

1991 பிப்ரவரி 23 அன்று, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 38 மாடி கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா என்ற கட்டடத்தின் 22ஆம் மாடியில் தீ மூண்டது. தீயணைப்போருக்கு நீர் தர வேண்டிய குழாய்களின் அழுத்த வால்வுகள் தவறாகச் சரிசெய்யப்பட்டிருந்தன. போதிய விசையுடன் நீர் வரவில்லை. தீயணைக்கும் படையினர் மூவர் உயிர்நீத்தனர். மாடி மாடியாக ஏறிய அத்தீ 30ஆம் மாடியில் நின்றது. அம்மாடியில் தெளிப்பான்கள் இருந்தன. பத்தே தெளிப்பான்கள் திறந்து அதனைத் தடுத்தன. வால்வு ஒன்று தவறாக இருப்பதை எவரும் அறியாதிருப்பதன் விலையும், நீர் உரிய இடத்தில் உரிய நேரத்தில் வருவதன் பயனும் அந்த ஒரே கட்டடத்தில் விளங்கின.

சோதனையும் பாடமும்

குழாய்த் தொடரின் கடைக்கோடியிலுள்ள சோதனைக் குழாய், ஒரு தெளிப்பானின் வாய் அளவே திறப்புடையது. கட்டடத்திலுள்ளோருக்கும் தீயணைப்பு நிலையத்திற்கும் முன்கூட்டி அறிவித்துவிட்டு, அதனைத் திறந்து மணி ஒலிக்கும் வரை விநாடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்பு கடைசிச் சுவிட்சில் ஒரு கம்பியைக் கழற்றிப் பேனல் பழுதென்று காட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் சோதனையைத்தான் பலர் செய்வதில்லை. முடிவில் கம்பியை மீண்டும் இணைத்து, வால்வு முழுதும் திறந்திருப்பதைக் கையால் தொட்டு உறுதி செய்தல் அவசியம்.

இத்தத்துவத்தை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். 9 வோல்ட்டு மின்கலம், 1,000 ஓம் ரெசிஸ்டர், மில்லி ஆம்பியர்மானி ஆகியவற்றைத் தொடராக இணைத்துப் பேனலாகக் கொள்க. அதிலிருந்து இரு நீண்ட கம்பிகளை நீட்டி, நுனியில் 4,700 ஓம் ரெசிஸ்டரை இணைக்க, மானி சுமார் 1.6 காட்டும். நடுவில் இரு கம்பிகளையும் தொடச்செய்தால் 9 காட்டும். ஒன்றைத் துண்டித்தால் பூச்சியம் காட்டும். பின்னர் 4,700 ஓம் ரெசிஸ்டரைப் பேனலின் அருகே மாற்றி வைத்து, வெளிக்கம்பியைத் துண்டித்துக் காட்டுக. மானி அசையாது. மௌனம் எப்போதும் நலத்தின் அறிகுறியன்று என்பதை மாணவர் அந்த அசையாத முள்ளிலிருந்து தாமே கற்றுக்கொள்வர்.