அண்டை வீட்டு விற்பனையும் அறிந்தவர் கடமையும்

ஒரு வீடு கைமாறும்போது பத்திரத்தில் இரு தரப்பினரின் பெயர்களே எழுதப்படுகின்றன: விற்பவர், வாங்குபவர். ஆயினும் அவ்வீட்டைப் பற்றி அவ்விரு தரப்பினரையும் விட அதிகம் அறிந்த ஒருவர் பல வேளைகளில் மதிலுக்கு அப்பால் வசிக்கிறார். அடைமழையில் அவ்வீட்டுக் கூடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, அதன் கிணறு எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறது, அதைக் கட்டிய பெரியவருக்கு மக்கள் எத்தனை பேர் என்பனவெல்லாம் அவருக்குத் தெரியும். விற்பனைப் பேச்சு நடக்கும்போது அவர் வாய் திறக்க வேண்டுமா, மூடியிருக்க வேண்டுமா?

நம் தெருக்களில் இதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, "நமக்கேன் வம்பு?" என்பதே. இவ்விடைக்கு மார்க்கப் போர்வை போர்த்துவோரும் உண்டு. பிறர் குறையைப் பேசுவது புறமல்லவா, ஒரு முஸ்லிமின் வியாபாரத்தைக் கெடுப்பது பாவமல்லவா என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் ஃபிக்ஹு நூல்களின் முன் நிற்குமா என்று பார்ப்போம்.

முதலில் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், சொத்திலோ தமது உரிமையிலோ உள்ள முக்கியமான குறையை வாங்குபவருக்கு வெளிப்படுத்தும் கடமையை விற்பவர் மீது சுமத்துகிறது. அக்குறை விற்பவருக்குத் தெரிந்ததாகவும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாததாகவும் இருக்க வேண்டும். சொத்தில் விற்பவருக்குள்ள உரிமையின் தன்மையையோ அளவையோ பற்றி, அவ்வுரிமையின் மதிப்பைக் கூட்டும் செய்தி ஏதேனும் வாங்குபவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவரும் அதை மறைக்கலாகாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் அது இரு தரப்பினரோடு நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அப்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை.

ஃபிக்ஹு அங்கே நிற்பதில்லை. வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இதற்கு மூலாதாரம். அபூ ஸிபாஃ என்பவர் வாஸிலாவின் இல்லத்திலிருந்து ஒரு பெண் ஒட்டகத்தை விலைக்கு வாங்கிப் புறப்படுகிறார். வாஸிலா (ரலி) ஆடை தரையில் இழுபட விரைந்து வந்து, அதிலுள்ளதை உமக்குச் சொன்னார்களா என்று வினவுகிறார். கொழுத்து நலமாகத்தானே இருக்கிறது என்கிறார் வாங்கியவர். பயணத்திற்கா, இறைச்சிக்கா என்று அடுத்த கேள்வி. ஹஜ்ஜுக்குச் செல்ல என்று பதில் வருகிறது. அப்படியானால் கேளும், அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்கிறார் வாஸிலா (ரலி). விற்றவர் மனம் நொந்து, என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என்று முறையிடுகிறார். குறையை விளக்காமல் விற்பது விற்பவருக்கு ஆகுமானதன்று. அதை அறிந்தவர் விளக்காமல் இருப்பதும் ஆகுமானதன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதையே அவர் மறுமொழியாகத் தருகிறார். இமாம் அஹ்மத் (ரஹ்) தம் முஸ்னதில் இதைப் பதிவு செய்துள்ளார். இதன் அறிவிப்பாளர் தொடர் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்களிடையே பேச்சு உண்டு. எனினும் உக்பா இப்னு ஆமிர் (ரலி) வழியாக இப்னு மாஜாவில் வரும் அறிவிப்பு இதன் முற்பகுதிக்கு வலுவூட்டுகிறது.

இரண்டாவது கேள்வியை நாம் அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. பயணத்திற்கா, இறைச்சிக்கா? இறைச்சிக்கு என்றிருந்தால் குளம்பின் ஓட்டை ஒரு பொருட்டாகாது. குறை என்பது வாங்குபவரின் நோக்கத்தோடு பொருத்திப் பார்க்கப்படுவது என்ற நுட்பம் அக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

ஹிஜ்ரி 476இல் மறைந்த இமாம் அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸீ (ரஹ்) 'அல்முஹத்தப்' நூலில், பொருளுக்கு உரிமையில்லாத மூன்றாமவர் குறையை அறிந்திருந்தால் வாங்குபவரிடம் அதை விளக்குவது அவர் மீது கடமையாகும் என்று எழுதிவிட்டு, இந்த நிகழ்ச்சியையே ஆதாரமாக வைக்கிறார். புறம் என்ற ஆட்சேபத்திற்கும் நம் முன்னோர் விடை சொல்லிவிட்டனர். இமாம் நவவீ (ரஹ்) புறம் அனுமதிக்கப்படும் ஆறு இடங்களை எண்ணும்போது, முஸ்லிம்களை எச்சரிப்பதை அவற்றுள் ஒன்றாக்கி, குறையுள்ள பொருளை அறியாமல் வாங்குபவரிடம் சொல்வதை அதன் கீழ்க் கொண்டுவருகிறார். ஒரு நிபந்தனையும் உண்டு: நலம் நாடிச் சொல்ல வேண்டும், துன்புறுத்தும் நோக்கமோ கெடுக்கும் நோக்கமோ கலக்கக் கூடாது. ஆக, "நமக்கேன் வம்பு" என்பதற்கு ஷாஃபிஈ மத்ஹபில் இடமில்லை.

இனி, எது குறை? பொருளையோ அதன் மதிப்பையோ குறைத்து, முறையான நோக்கத்தைத் தவறச் செய்வதும், அவ்வினப் பொருளில் பொதுவாக இல்லாதிருப்பதுமே குறை என்பது ஷாஃபிஈ நூல்களின் வரையறை. வீட்டுக்கு அவர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் சுவையானவை: படைவீரர்கள் வந்து தங்கும் வழக்கமுள்ள வீடு, வரிச்சுமை மிகுந்த நிலம், பக்கத்தில் துணி வெளுப்போர் அடிக்கும் அடியில் சுவர் அதிரும் வீடு. சுவரிலும் கூரையிலும் மட்டுமன்றி, சுற்றுப்புறத்திலும் குறை இருக்கலாம் என்பதை அவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டனர்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் நின்றன. இத்தகைய இடத்தில் ஒரு வீட்டைச் சித்திரை மாதத்தில், புதுச் சுண்ணாம்பின் மணத்தோடு பார்க்கும் வெளியூர்க்காரருக்கு எதுவும் தெரியாது. தெருவில் எல்லா வீட்டிலும்தான் தண்ணீர் வந்தது, ஆகவே அது அவ்வினத்தில் இல்லாத குறையன்று என்று வாதிடும் கெட்டிக்காரர்களும் உண்டு. ஒப்பிட வேண்டியது அத்தெருவின் வீடுகளோடு அன்று, அவ்வூரின் வீடுகளோடு என்பதே நமது கருத்து. வாங்குபவர் கொடுக்கும் விலை உலர்ந்த தரையுள்ள வீட்டின் விலையாயிற்றே!

மறுபுறம், குறையல்லாதவற்றைச் சொல்லித் திரிவதும் உண்டு. ராசியில்லாத வீடு என்பது குறையன்று. அதில் ஒருவர் இறந்தார் என்பதும் குறையன்று. விற்பவர் கடனில் மூழ்கியிருக்கிறார், மகளின் திருமணத்திற்குப் பணம் தேடுகிறார் என்பன வீட்டின் குறைகளே அல்ல, மனிதரின் நெருக்கடிகள். அவற்றை வாங்குபவர் காதில் போட்டால் விலை விழும். அதுவே அசல் புறம்.

நம் சமுதாயத்தில் மிகுதியாக மறைக்கப்படும் குறை சுவரில் இல்லை, பங்கில் இருக்கிறது. தகப்பனார் மறைந்துவிட்டார், மனைவி, ஒரு மகன், இரு பெண்மக்கள் இருக்கின்றனர். மகன் அவ்வீட்டை 'என் வீடு' என்று விற்கப் புறப்படுகிறார். கணக்கிட்டுப் பார்ப்போம். வீட்டை 32 பங்காக்கினால் தாய்க்கு எட்டில் ஒன்று, அதாவது 4. எஞ்சிய 28இல் ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்ற முறைப்படி மகனுக்கு 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. அவர் விற்கும் வீட்டில் பாதி கூட அவருடையதன்று. ஷரீஅத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற ஏற்பாடு இல்லை. தகப்பனாரின் மூச்சு நின்றவுடன் கடன், வஸிய்யத் போக எஞ்சியதில் ஒவ்வொருவர் பங்கும் அவரவருக்கு உரியதாகிவிடுகிறது. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தின் வழியாக நீதிமன்றங்களும் இதையே ஏற்கின்றன.

அம்மகனை மோசடிக்காரர் என்று உடனே சொல்லிவிட முடியாது. லாத்தாமாருக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, பிறகென்ன பங்கு என்று அவர் உளமார நம்புவார். திருமணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கை அழிக்காது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தாலும் பயனில்லை. பதிவான ஆவணங்களையே அது காட்டும். வாரிசுரிமை ஆவணத்தால் வருவதன்று, மரணத்தால் வருவது. வாரிசுச் சான்றிதழில் வெளிநாட்டில் வாழும் மகளின் பெயரோ, தகப்பனாரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகளின் பெயரோ விடுபட்டுப் போனால், அதைக் கண்டறிய அண்டை வீட்டாரைத் தவிர வேறு வழியே இல்லாத நிலையும் ஏற்படும்.

இப்படி விற்றால் என்ன ஆகும்? ஷாஃபிஈ ஃபிக்ஹில் இது 'தஃப்ரீகுஸ் ஸஃப்கா' என்ற தலைப்பில் வருகிறது. தம் பங்கில் விற்பனை செல்லும். பிறர் பங்கில் செல்லாது. அறியாமல் வாங்கியவருக்கு முழுவதையும் முறித்துக்கொள்ளும் உரிமை உண்டு. பத்தாண்டுகள் கழித்து ஒரு மருமகனோ பேரனோ வழக்குத் தொடுக்கும்போது, வாங்கியவர் வீட்டை இழக்கத் தொடங்குகிறார். விற்றவர், செலவழிந்துபோன பணத்தைத் திருப்பித் தரும் கடன்காரராகிறார். ஆகவே எச்சரிக்கை முதலில் யாருக்கு நன்மை? விற்கும் அண்டை வீட்டாருக்கே. இதனால்தான் முதலில் அவரிடம் செல்ல வேண்டும் என்கிறோம். வாஸிலா (ரலி) நேரே வாங்கியவரிடம் ஓடியது விற்பனை முடிந்து ஒட்டகம் புறப்பட்டுவிட்டதால். பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீட்டில் அவ்வளவு அவசரம் இல்லை.

விற்பவரின் நலத்தை நாடுவதும் நஸீஹத்தே. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் உறுதிமொழி அளித்த ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி), தம் பணியாளர் 300 திர்ஹத்திற்குப் பேசி வந்த குதிரை அதைவிட மதிப்புள்ளது என்று கண்டு, விற்பவரிடம் தாமே விலையை உயர்த்தி 800 கொடுத்தார்.

செல்லும் முறைமையும் உண்டு. பள்ளிவாசல் முற்றத்தில் நாலு பேர் நடுவே கேட்பது அறிவுரை ஆகாது, அவமானம். அஸருக்குப் பின் தனியாகப் போய், "காக்கா, பத்திரம் எழுதுமுன் பெரிய லாத்தாவின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். பின்னால் உங்கள் பிள்ளைகளுக்குத் தொல்லை வரக் கூடாது" என்றால் போதும். சகோதரிகள் தம் பங்கைப் பெற்றுக்கொண்டோ மனமுவந்து விட்டுக்கொடுத்தோ விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் கதை முடிந்தது. வெள்ளம், உவர்நீர் போன்ற குறைகளையும் விற்பவரே சொல்லிவிட்டால் அண்டை வீட்டாரின் கடமை இறங்கிவிடுகிறது.

உள்ளது உள்ளபடி விற்கிறேன், பார்த்துத்தானே வாங்குகிறார் என்று அவர் சொன்னால்? இப்னு உமர் (ரலி) ஓர் அடிமையை, குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு 800 திர்ஹத்திற்கு விற்றார். வாங்கியவர் நோயைக் கண்டு வழக்குரைத்தபோது, அது தமக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யுமாறு உஸ்மான் (ரலி) தீர்ப்பளித்தார். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். முவத்தாவில் இது உள்ளது. தெரிந்த குறையை அந்த நிபந்தனை மூடிவிடாது என்பது இத்தீர்ப்பிலிருந்து விளங்குகிறது.

அவர் கேட்கவே மறுத்தால், வாங்குபவரிடம் சொல்வது கடமையாகிறது. அப்போதும் அளவு மீறலாகாது. குறிப்பால் நோக்கம் நிறைவேறுமானால் விரித்துரைக்கக் கூடாது என்பது அறிஞர்கள் வகுத்த வரம்பு. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டார்களா என்று நன்கு விசாரியுங்கள் என்ற ஒரு வாக்கியம் போதும். அக்குடும்பத்தின் நாற்பதாண்டுச் சண்டை வாங்குபவருக்குத் தேவையில்லை. உறுதியாக அறிந்ததை மட்டுமே சொல்லலாம் என்பதையும் சேர்த்துக்கொள்க. திண்ணையில் கேள்விப்பட்டது அறிவாகாது.

இங்கே ஒரு சோதனை இருக்கிறது. எச்சரிப்பவருக்கே அவ்வீட்டின் மீது கண் இருந்தால்? ஹனஃபீ மத்ஹபில் அண்டை வீட்டாருக்கு ஷுஃப்ஆ எனும் முன்வாங்கும் உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் அது பங்காளிக்கு மட்டுமே. சென்னை மாகாணத்தில் இவ்வுரிமை சட்டமாகச் செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 1870இலேயே கூறிவிட்டது. சட்டம் போனாலும் பண்பாடு போக வேண்டியதில்லை. ரொக்கமாக 500 தீனார் கேட்கப்பட்ட தம் இரு வீடுகளை, அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை என்ற நபிமொழிக்காக, ஸஃது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுக்கு 4,000 திர்ஹத்திற்குத் தவணையில் கொடுத்தார் அபூ ராஃபிஃ (ரலி) என்று புகாரியில் காண்கிறோம். ஆசையுள்ளவர் அதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடட்டும். விலை முடிந்த பின் குறை சொல்லிப் பேச்சை முறித்துத் தாமே வாங்குவது, சகோதரனின் வியாபாரத்தின் மீது வியாபாரம் செய்வதைத் தடுத்த நபிமொழிக்கு நேர் எதிரானது.

பத்திரம் பதிவாகிவிட்ட பிறகு தெரியவந்தால் மௌனமாக இருக்கலாமா? வாஸிலா (ரலி) பேசியது விற்பனைக்குப் பின்னரே. குறைக்காகத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவர் அறிந்த கணத்திலிருந்து எண்ணப்படுவது. ஆகவே அவர் அறியும் வரை அது உயிரோடு இருக்கிறது. பங்கு விடுபட்ட மகளின் நிலை இதைவிடக் கனமானது. கேட்கப்படும் முன்பே சாட்சியம் சொல்பவரே சிறந்த சாட்சி என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் வருகிறது. தமக்குச் சாட்சி இருப்பதையே அறியாத உரிமையாளரிடம் சென்று தெரிவிப்பவர் என்று அதற்கு இமாம் நவவீ (ரஹ்) தரும் விளக்கம், இந்த அண்டை வீட்டுப் பெரியவரை அப்படியே குறிக்கிறது. அவருடைய சொல்லுக்குத் துணையாக நம் ஜமாஅத்துகளில் பழைய நிக்காஹ் பதிவேடுகள் இருக்கின்றன. மணமகளின் தகப்பனார் பெயர் அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அலமாரியின் அடித்தட்டில் பூச்சி அரித்துக்கொண்டிருக்கும் அந்த ஏடுகளை ஜமாஅத் நிர்வாகிகள் படியெடுத்து வைத்தால், முதல் மனைவியின் மகள் ஒருத்தி தகப்பன் பெயரை நிறுவ ஊர் ஊராக அலைய வேண்டியிருக்காது.