பூச்சியுண்ணும் செடிக்கு எமன் வெயிலா, தண்ணீரா?

பெங்களூருவின் பொம்மசந்திரா பகுதியில், மொட்டைமாடியில் பூச்சியுண்ணும் செடி கருகினால் பழி வெயில்மீது விழுகிறது. ஆனால் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூருவின் வெயில் இவற்றுக்குப் பெரும்பாலும் தேவையானதே. கேடு செய்வது ஆழ்துளைக் கிணற்று நீர். சத்தில்லாத சதுப்பில் வளர்ந்து, நைட்ரஜனைப் பூச்சிகளிடமிருந்து பெறப் பழகிய இந்தச் செடிகளின் வேர்கள் உப்பைத் தாங்குவதில்லை. நீர் ஆவியாக, கரைந்திருந்த சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கி, நாளுக்கு நாள் செறிந்து வேரைக் கெடுக்கிறது. உரமிட்டாலும் இதே கதிதான்.

அப்படியானால் உப்பில்லாத மழைநீரே போதும் என்றால், மழையில்லாத பிப்ரவரியில் என்ன செய்வது என்று கேட்கலாம். சேமித்த மழைநீர் தீர்ந்தால் ஆர்.ஓ. நீர் உதவும், தாது சேர்த்த புட்டிநீர் கூடாது. அமெரிக்காவின் கரோலினா சதுப்புகளைச் சேர்ந்த வீனஸ் ஈப்பொறிக்குக் குளிர்கால உறக்கம் வேண்டுமே என்பது வலுவான மறுப்பு. பெங்களூருவின் ஜனவரி இரவுகள் சுமார் 15 டிகிரிதான். அந்தக் குளிர் போதாது, செடி ஆண்டுக்கு ஆண்டு நலியும். அதனால் நம் தென்னிந்திய ஈரநிலங்களிலேயே வளரும் டிரோசெரா பர்மானி என்ற பூச்சியுண்ணும் செடியைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. இதன் ஒட்டும் உணர்விழைகள் சில நொடிகளில் பூச்சியின்மேல் வளைகின்றன. சில மாதங்களில் பூத்து, விதை உதிர்த்து மடியும் இந்தச் செடிக்குக் குளிர் உறக்கமே தேவையில்லை. அடுத்த தலைமுறை அதே தொட்டியில் முளைக்கும்.