பங்குனி வசூலுக்குப் போய் பாவைக்கூத்துப் பார்த்த கதை

பங்குனி மாதம் நம் வத்தல் வியாபாரத்தில் கொள்முதல் காலம் என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. பரமக்குடி, ராமநாதபுரம் பக்கமிருந்து புது வத்தல் வரத்துக் கூடும். கையில் ரொக்கம் இருந்தால்தான் நல்ல சரக்காகப் பிடிக்க முடியும். ஆகவே பழைய பாக்கிகளை வசூல் செய்ய வெளியூர் புறப்படுவது கீழமாசி வீதியில் நமக்கு நாற்பது வருஷப் பழக்கம். இந்த வருஷம் திருமங்கலம், கள்ளிக்குடி லைனுக்குப் போனோம். எண்ணெய்க் கடை நண்பர் ஒருவரும் பருப்பு மண்டி நண்பர் ஒருவரும் உடன் வந்தார்கள். மூன்று பேருக்கும் ஏறக்குறைய அதே ஊர்களில்தான் பாக்கி.

கடைசியாகப் போன கிராமத்தில் நம் வாடிக்கைக்காரர் மூன்று பில் நிலுவை வைத்திருந்தார். போனதுமே நாற்காலி போட்டு, பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்து, "அண்ணாச்சி, இன்னைக்கு ராத்திரி தங்கிட்டுத்தான் போகணும். அம்மனுக்குப் பொங்கல். கணக்கைக் காலையில பாத்துக்கிடலாம்" என்றார். வசூலுக்குப் போகிறவனுக்கு இந்தப் பேச்சின் பொருள் தெரியும். ஆனால் கோயில் காரியம் என்று சொல்லும்போது மறுத்துப் பேச முடியவில்லை. இன்னிசைக் கச்சேரியா, கரகாட்டமா என்று கேட்டோம். "அதெல்லாம் நேத்து முடிஞ்சது. இன்னைக்குத் தோல்பாவைக் கூத்து. எங்க பெரியவுக ஒருத்தருக்கு வேண்டுதல்" என்றார்.

தோல்பாவை என்றதும் நமக்கு மனசு ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டது. எண்ணெய்க் கடை நண்பரோ வேறொரு ஊருக்குப் போய்விட்டார். அவர் போன வருஷம் மகனோடு வியட்நாம் சுற்றுலா போய் வந்தவர். ஹனோய் நகரத்தில் ஏரிக்கரை அருகே தாங் லாங் என்ற அரங்கில் தண்ணீர்ப் பொம்மலாட்டம் பார்த்ததை அன்று மூன்றாவது முறையாக நமக்குச் சொன்னார். மேடைக்குப் பதில் குளம். ஆட்டுகிறவர்கள் இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தண்ணீருக்குள் ஓடும் நீண்ட கழிகளால் மரப் பொம்மைகளை ஆட்டுகிறார்களாம். நெல் விளையும் ஆற்றுச் சமவெளியில் கிராமத்துக் குளங்களில் பிறந்த கலை. 1121ஆம் வருஷத்துக் கல்வெட்டிலேயே அதைப் பற்றிய செய்தி இருக்கிறது. அந்த அரங்கம் 1969ல் ஏற்பட்டது. ஐம்பது நிமிஷம்தான் ஆட்டம், ஒரு நாளைக்குப் பல காட்சி, டிக்கெட் முன்கூட்டியே விற்றுப்போகிறது. "அவன் ஊர்க் குளத்து ஆட்டத்தை உலகத்துக்கே சரக்காக்கிட்டான்" என்று நண்பர் முடித்தார். உள்ளூர் ஆட்டத்தைப் பார்த்ததுண்டா என்று கேட்டோம். இல்லை என்று தலையசைத்தார். அவர் பிறந்து வளர்ந்தது தெற்கு மாசி வீதி.

நமக்கு அப்படியல்ல. சோழவந்தான் பக்கம் ஒரு கிராமத்தில் நம் தகப்பனார் பலசரக்குக் கடை வைத்திருந்தார். நமக்கு ஒன்பது பத்து வயது இருக்கும். கோடையில் ஒரு மாட்டு வண்டி வந்து நிற்கும். அதிலிருந்து மரப்பெட்டி, மிருதங்கம், ஆர்மோனியம், சட்டி பானை, குழந்தைகள், இரண்டு கோழி எல்லாம் இறங்கும். சாக்கையும் பழஞ்சேலையையும் தைத்து அடைப்புக் கட்டுவார்கள். ராமாயணம் பத்து நாள் நடக்கும். பத்துப் பைசா டிக்கெட், காசு இல்லாதவர்கள் கம்போ கேழ்வரகோ கொண்டுவந்து கொடுப்பார்கள். பட்டாபிஷேகம் வரைக்கும் வைத்தால் மழை பெய்யும் என்பது ஊர் நம்பிக்கை. பெய்ததா என்று கேட்டால், பெய்த வருஷமும் உண்டு, பெய்யாத வருஷமும் உண்டு.

அவர்களுக்கு நம் கடையில் பற்று. அரிசி, புளி, வத்தல், மண்ணெண்ணெய். பேரேட்டில் 'பாவை ராவ்' என்று தனிப் பக்கம். ஒரு வருஷம் வசூல் சரியில்லை. பதினோரு ரூபாய் நாற்பது பைசா பாக்கி வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வண்டி கட்டிப் போய்விட்டார்கள். நம் தாயார் ஒரு வருஷம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டினார். மறு வருஷம் அதே வண்டி வந்தது. பெட்டியை இறக்குமுன் ராவ் நேராகக் கடைக்கு வந்து பதினோரு ரூபாய் நாற்பது பைசாவை எண்ணி வைத்தார். தகப்பனார் அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு போட்டதை நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

சரி, அன்று ராத்திரிக்கு வருவோம். ஒன்பதரை மணிக்கு ஆரம்பித்தது. நான்கு கம்பு நட்டு, மூன்று பக்கம் அடைத்து, முன்னால் வெள்ளை வேட்டி ஒன்று இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே கறுப்புத் துணி. உள்ளே ஆட்டுகிறவரின் தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பு. ஒரு காலத்தில் எண்ணெய் விளக்கு, பிறகு பெட்ரோமாக்ஸ், இப்போது பல்பு. கூட்டம் என்று பார்த்தால் அறுபது பேர் இருப்பார்கள், அதில் பாதி குழந்தைகள். தெருவிளக்கை அணைக்க ஒருவர் கம்பத்தில் ஏற வேண்டியிருந்தது.

முதலில் பிள்ளையார் வந்தார். பிறகு அனுமார் இலங்கைக்குப் போகிற கதை. வாசகர்களில் இளைஞர்கள் பலர் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறோம். இது வெறும் கறுப்பு நிழல் அல்ல. தோல் கண்ணாடி போலச் சீவப்பட்டிருப்பதால் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் திரையில் அப்படியே ஒளிவிடும். நகை, மாலை, கிரீடம் எல்லாம் உளியால் கொத்திய துளைகள் வழியாக மின்னும். அனுமார் வாலில் தீ வைத்ததும் பாவையைத் திரையிலிருந்து சற்றே பின்னுக்கு இழுத்து விளக்கை ஒரு ஆட்டு ஆட்டினார், இலங்கை முழுவதும் நடுங்கியது. குழந்தைகள் வாய் பிளந்தன. பருப்பு மண்டி நண்பரும்தான்.

உள்ளே இருப்பது ஒரே ஆள். ராமனும் அவர், சீதையும் அவர், ராவணனும் அவர். கையில் இரண்டு பாவை, காலில் சலங்கை. சண்டை வந்தால் காலால் பலகையை மிதித்துச் சத்தம் எழுப்புகிறார். மனைவி ஆர்மோனியமும் பின்பாட்டும், தம்பி மிருதங்கம். நம் கடையில் கணக்கு ஒருவர், எடை ஒருவர், மூட்டை கட்ட இரண்டு பேர் என்று வைத்தும் சாயங்காலம் குழப்பம்தான். கும்பகோணம் பக்கத்து மரப் பொம்மலாட்டத்தில்கூட ஆட்டுகிறவர் தலையில் வளையம் மாட்டிக் கயிற்றால் ஆட்டுவாரே தவிர, இத்தனை வேஷத்துக்கும் அவரே பேசுவதில்லை.

பாதிக் கதையில் உச்சிக்குடுமியும் உளுவத்தலையனும் வந்தார்கள். இந்த இரண்டு கோமாளிகளுக்காகத்தான் சிறு வயதில் நாம் தூங்காமல் காத்திருப்போம். வியட்நாம் ஆட்டத்திலும் தேவு என்றொரு தொந்திக்காரப் பொம்மை முதலில் வந்து கேலி பேசுமாம், நண்பர் காதில் சொன்னார். இங்கே உச்சிக்குடுமி நம் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, வேப்பமரத்தடியில நாக்காலி போட்டு மூணு பேரு உக்காந்திருக்காகளே, யாரு?"

"மதுரை முதலாளிமாருடா. வசூலுக்கு வந்திருக்காக."

"யாருகிட்டண்ணே?"

"அதச் சொன்னா நாளைக்கு நமக்குக் கடையில உப்புகூடக் கடன் கெடைக்காதுடா!"

ஊரே சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் நம் வாடிக்கைக்காரர். காலையில் மூன்று பில்லில் இரண்டுக்குப் பணம் கொடுத்துவிட்டார். மூன்றாவதுக்கு ஆவணி சொல்லியிருக்கிறார்.

ஆட்டம் முடிய ஒரு மணி ஆகிவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தோம். ஆட்டியவருக்கு நம் வயதுதான் இருக்கும். பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வீட்டுப் பேச்சு மராட்டி, ஆட்டத்துக்குத் தமிழ். தஞ்சாவூரை மராட்டியர் ஆண்ட காலத்தில், அதாவது 1676க்கும் 1855க்கும் இடையில், இங்கே வந்தவர்களின் வழி என்று சொல்லிக்கொள்ளும் மண்டிகர் சமூகத்தைச் சேர்ந்தவர். இவர்களைப் பற்றி நம் மதுரை நாடகக்காரரான மு. ராமசுவாமியும் நாகர்கோவில் அ.கா. பெருமாளும் ஆராய்ந்து நூல்கள் எழுதியிருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம்.

பாவை செய்கிற விதத்தை வியாபாரி என்ற முறையில் விவரமாகக் கேட்டுக்கொண்டோம். ஆட்டுத் தோலை ஊறவைத்து, மயிரைச் சுரண்டி, ஆணி அடித்து இழுத்துக் காயவைக்கிறார்கள். பிறகு படம் எழுதி, உளியால் கொத்தி, சாயம் தீட்டி, நடுவில் பிளந்த மூங்கில் கம்பை வைத்துக் கட்டுகிறார்கள். ராவணன் மாதிரிப் பெரிய பாவைக்கு ஒரு தோல் போதாது, ஒட்டுப் போட வேண்டும். அந்தக் காலத்தில் பச்சிலைச் சாயம், இப்போது கடைச் சாயம். பெட்டிக்குள் அடுக்குவதிலும் ஒழுங்கு உண்டு. ராமர் பக்கத்தில் ராவணனை வைப்பதில்லையாம்.

அப்போதுதான் அவர் இன்னொரு பெட்டியைத் திறந்தார். பாட்டனார் காலத்துப் பாவைகள். பழுப்பேறி, ஓரம் சுருண்டு, ஆனால் கொத்து வேலை நூல் பிசகாமல் இருந்தது. "முதலாளி, நீங்க சரக்குப் பாத்தவுக. இதுக்கு என்ன விலை சொல்லலாம்?" என்றார்.

சென்னையிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு மொத்தமாக நாற்பதாயிரம் தருகிறேன் என்றாராம். மகன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான், ஆட்டம் படிக்கவில்லை. பேத்தியின் கல்லூரிக் கட்டணம் நிற்கிறது. வருஷத்தில் இருபது ராத்திரி ஆட்டம் கிடைத்தால் அதிகம், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் அரை மணி.

நாம் கணக்குப் போட்டோம். பெட்டியில் நூற்றுக்கும் மேல் உருப்படி. தலைக்கு நானூறு ரூபாய்கூடத் தேறவில்லை. அந்த அளவுக்கு ஒரு புதுத் தோல் வாங்கி, சீவி, கொத்தி முடிக்கிற நாட்களுக்குக் கூலி போட்டாலே அதைப்போல் பல மடங்கு வரும். பிறகு இன்னொன்றும் கேட்டோம்: இது ஆட்டுத் தோலா, மான் தோலா? பழையதில் சில மான் தோல் என்று பாட்டனார் சொல்வார் என்றார். அப்படியானால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும், விற்றவரும் மாட்டிக்கொள்வார். "அவர் பில் தருவாரா?" என்று கேட்டோம். பில் பேச்சே எடுக்கவில்லை என்றார். பில் இல்லாமல் பழஞ்சரக்கை அவசரப்பட்டு எடுக்கிறவர் எந்த விலைக்கு விற்பார் என்பது நமக்குத் தெரியாதா?

விற்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம். பேத்தியின் கட்டணத்தை யார் கட்டுவது என்று பருப்பு மண்டி நண்பர் நம் தோளைத் தட்டிக் கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். பாலக்காட்டில் கம்பராமாயணத்தை வைத்துத் தோல்பாவை ஆட்டும் ராமச்சந்திரப் புலவருக்கு 2021லும், கர்நாடகத்தில் கொப்பள மாவட்டத்து பீமவ்வா என்ற 96 வயது அம்மையாருக்கு 2025லும் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் பட்டம் ஒருவருக்குத்தான் கிடைக்கும், ஆட்டம் எல்லாருக்கும் வேண்டும்.

ஊர் திரும்பியதும் சங்கக் கமிட்டியில் இதை வைத்தோம். மே 5 வணிகர் தினத்துக்கு வருஷா வருஷம் இன்னிசைக் குழுவுக்குக் கொடுக்கிறோம். அதில் ஒரு பங்கை எடுத்து ஒரு மணி நேரம் பாவைக்கூத்து வைத்தால் என்ன? மகமைப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியவர்கள், தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்கள் நாம். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ராத்திரி தம் சொந்த ஊர்க் கோயிலில் ஏற்றுக்கொண்டாலும், ஒரு குழுவுக்கு ஒரு பருவ வேலை ஆகிவிடும். இளைய உறுப்பினர் ஒருவர், "மாமா, பசங்க போனைத்தான் பாப்பாங்க" என்றார். இருக்கலாம். அன்று வேப்பமரத்தடியிலும் முதல் கால் மணி நேரம் நாலு பையன்கள் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலங்கை எரியும்போது பார்க்கவில்லை.

கமிட்டி முடிவு இன்னும் ஆகவில்லை. அந்த ராவுக்கு நாம் போன் செய்து விவரம் சொன்னோம். பணத்தைப் பற்றி அவர் முதலில் கேட்கவில்லை. "மண்டபத்துல லைட்டை எல்லாம் அணைப்பீகளா முதலாளி? முழுசா அணைக்கணும். அது ஒண்ணுதான்" என்றார். பிறகு, சென்னைக்காரருக்கு ஆடி வரைக்கும் தவணை சொல்லியிருப்பதாகவும் சொன்னார்.