பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் சின்ன ஓட்டை

பஞ்சரான டயரில் பிரஷர் பார்த்தா மீட்டர் பூஜ்யம் காட்டும். உள்ளே காற்றே இல்லைன்னு அர்த்தமா? இல்லை. வெளியே இருக்கிற அதே 14.7 பிஎஸ்ஐ வளிமண்டல அழுத்தம் உள்ளேயும் இருக்கு. வித்தியாசம் இல்லை, அதனால் பூஜ்யம். இப்படி வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளப்பதுதான் கேஜ் அழுத்தம்.

தொழிற்சாலைக் குழாய்களிலும் தொட்டிகளிலும் இருக்கும் கேஜ் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் செய்வதும் இதே வேலைதான். முன்பக்கம் டயாஃப்ரம் என்ற மெல்லிய உலோகத் தகடு. திரவம் அதைத் தள்ளும். உள்ளே இருக்கும் எண்ணெய் அந்தத் தள்ளலை சென்சாருக்குக் கடத்தும். அது 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக கன்ட்ரோல் ரூமுக்குப் போகும். பூஜ்யத்துக்கு ஏன் 4? வயர் அறுந்தால் மின்னோட்டம் 0 ஆகிவிடும். "அழுத்தம் இல்லை", "வயர் இல்லை" இரண்டையும் பிரித்துக் காட்டத்தான்.

சென்சாரின் மறுபக்கம் வெளிக்காற்று. அது உள்ளே போக ஒரு சின்ன ஓட்டை, பெயர் வென்ட். இந்தக் கருவியில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பெயின்ட் அடிச்சா அடைபடும், தூசி சேர்ந்தா அடைபடும், குளவி மண்ணை அப்பி கூடு கட்டினாலும் அடைபடும்.

அடைபட்டா என்ன? ஒரு கணக்கு போடுவோம். மேலே திறந்த தண்ணீர்த் தொட்டி, அடியில் டிரான்ஸ்மிட்டர். 1 செ.மீ. தண்ணீர் கிட்டத்தட்ட 1 மில்லிபார். 30 டிகிரியில் உள்ளே சிக்கிய காற்று மதிய வெயிலில் 40 டிகிரி ஆனால், அதன் அழுத்தம் சுமார் 33 மில்லிபார் ஏறும். அது சென்சாரைப் பின்னாலிருந்து தள்ளும். தொட்டி மட்டம் 33 செ.மீ. குறைவாகத் தெரியும்! புயல் நேரத்தில் வெளி அழுத்தம் 20 மில்லிபார் இறங்கினாலும் இதே கதை, 20 செ.மீ. குறையும்.

பம்ப் என்ன செய்யும்? இன்னும் இடம் இருக்குன்னு நினைத்து ஓடிக்கொண்டே இருக்கும். வழிவது தண்ணீர்னா தரை நனையும். அமிலம்னா பக்கத்தில் நிற்பவரின் உடம்பு வெந்துபோகும். அலாரமும் அடிக்காது, ஏன்னா மின்னோட்டம் ஒழுங்காகத்தான் வருது. வயர் அறுந்தால் காட்டிக்கொடுக்கும் கருவி, ஓட்டை அடைந்தால் வாயே திறக்காது.

இன்னொரு சிக்கல். ரீடிங் தப்பா இருக்கேன்னு பலர் உடனே ஜீரோவை அட்ஜஸ்ட் பண்ணிடுவாங்க. ஓட்டை அடைபட்டிருந்தா அந்தத் திருத்தம் அந்த நேரத்து வெயிலுக்கு மட்டும்தான் சரி. ராத்திரி குளிர்ந்ததும் எதிர்ப்பக்கம் தப்பாகும். அதனால் ஜீரோவைத் தொடுவதற்கு முன் ஓட்டையைப் பாருங்க.