மட்டையை நெரிக்காதே, கண்ணு!

பெரிய காஞ்சிபுரத்தில் பெண்பிள்ளை டென்னிஸ் மட்டையோடு கிளம்பினால், இன்றைக்கும் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறார்கள். பார்க்கட்டும்! என் கவலை வேறு. என் பதின்மூன்று வயது மகளுக்கு ஆடி முடித்ததும் வலது முழங்கையின் வெளிப்புறம் வலி. "இத்தோட விட்டுடட்டுமாம்மா?" என்று அவளே கேட்டபோது எனக்குப் பகீரென்றது.

"மட்டையை நெரிக்கிறா, அதான்" என்றார் பயிற்சியாளர்.

தரையில் பட்டு எழும்பும் பந்தை அடிக்க வேகம் தருவது பிடி அல்ல. இடுப்பும் தோளும் திரும்ப, கடைசியில் மட்டை சுழன்று வருகிற வேகம்தான். விரல்களை இறுக்கினால் மணிக்கட்டும் முன்கையும் விறைத்து, மட்டை தயங்கி வருகிறது. பந்து வலையில் போய் விழுகிறது. மட்டை நரம்பில் பந்து தங்குவதே ஒரு விநாடியில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்குதான்! நடுவில் பட்ட பந்துக்கு இறுக்கிய பிடி பெரிதாக வேகம் கூட்டுவதில்லை. அதிர்வைத்தான் கைக்குள் அதிகமாக அனுப்புகிறது. அதற்காகத் தொளதொளவென்றும் பிடிக்கக் கூடாது. ஓரத்தில் பட்டால் மட்டை திரும்பிவிடும். முழு பலம் பத்து என்றால் நாலு போதுமாம். பந்துக்குப் பந்து நடுவே மட்டையை இடது கைக்கு மாற்றி, வலது கையை உதறிவிட வேண்டும்.

பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் நாடா வீசும் கையைப் பாருங்கள், நெரிக்கவா செய்கிறது?

ரமேஷ் கிருஷ்ணன் 1986-ல் விம்பிள்டன் கால் இறுதி வரை போனவர். 1989 ஆஸ்திரேலியப் போட்டியில், அப்போது உலகின் முதல் நிலையில் இருந்த மாட்ஸ் விலாண்டரையே தோற்கடித்தார். முரட்டு அடியால் அல்ல, இதமான கையால்!

மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்புற எலும்பில்தான் வந்து சேர்கின்றன. அங்கேதான் வலி. வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனி இன்னும் இறுகியிருக்காது. தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். இவளுக்குச் சில வாரம் ஓய்வும், பிறகு முன்கைக்குப் பயிற்சியும் சொல்லியிருக்கிறார். பின்கை அடிக்கு இனி இரண்டு கையும். கைப்பிடியின் பருமனையும் பார்த்தோம்: பிடித்த கையின் மோதிர விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஒரு விரல் நுழைய வேண்டும்.

இந்த 'டென்னிஸ் எல்போ' டென்னிஸே ஆடாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்பது வேடிக்கை. ஈரப் போர்வையை ஒற்றை ஆளாக முறுக்கிப் பிழிகிறோமே, நமக்கும்தான்! வீட்டில் ஒருவரை மறுமுனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.