முதலிடம் யாருக்கு?

உலகின் தலைசிறந்த தொழில்முறை மல்யுத்த வீரர் யார் என்று மூன்று தலைமுறையினர் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் எந்த வீட்டிலாவது கேட்டுப் பாருங்கள். பெரியவர் யோசிக்காமல் "தாரா சிங்" என்பார். கேபிள் டி.வி. வந்த புதிதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அவர் மகன் "அண்டர்டேக்கர்" என்றோ "பிரெட் ஹார்ட்" என்றோ சொல்வார். பேரன் "ரோமன் ரெய்ன்ஸ்" என்பான். அதன் பிறகு காபி ஆறிப்போகும் வரை வழக்கு நடக்கும். எங்கள் வீட்டில் நடக்கிறது. செம்பூரிலும் மாதுங்காவிலும் எனக்குத் தெரிந்த நாலைந்து வீடுகளிலும் நடக்கிறது. தீர்ப்பு சொல்லத்தான் ஆள் இல்லை.

கவாஸ்கரா, டெண்டுல்கரா என்று சண்டை வந்தால் ஓட்டங்களையும் சராசரியையும் எடுத்து வைத்துப் பேசலாம். இங்கே அதற்கு வழியில்லை. யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே பேசி வைத்த சமாசாரம். 1989-இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநில செனட்டின் முன்னால் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்தாரே இதை ஒப்புக்கொண்டார்கள். இது போட்டி அல்ல, கேளிக்கை என்றார்கள். உண்மை பேச வேண்டும் என்ற ஆசையால் அல்ல. விளையாட்டு என்று ஒத்துக்கொண்டால் அரசாங்கத்தின் மேற்பார்வைக்கும் கட்டணத்துக்கும் உட்பட வேண்டும், அதனால்தான். ஆக, ஜெயித்தவரே பெரியவர் என்று சொல்ல முடியாத ஒரு துறையில் யார் பெரியவர் என்று நாம் அடித்துக்கொள்கிறோம். கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆனாலும் சினிமாவில் யார் பெரிய நடிகர் என்று சண்டை போடாமலா இருக்கிறோம்?

எங்கள் தலைமுறைக்கு இந்தத் தரவரிசைப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் டிரம்ப் கார்டு. 1990-களில் பம்பாயிலோ டெல்லியிலோ வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரரின் படம். கீழே உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ஆடிய பந்தயங்கள், வென்ற பந்தயங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ரேங்க். கையில் யோகோசுனா இருந்தால் எடையைக் கேட்க வேண்டும், ஆந்த்ரே இருந்தால் உயரத்தைக் கேட்க வேண்டும். ரேங்க் ஒன்று கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்ட பையன்கள் கூட அந்த எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அந்த ரேங்கைப் போட்டது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏதோ ஒரு அச்சகத்துக்காரர் போட்டிருப்பார்! வேறொரு கடையில் வேறொரு கட்டு வாங்கினால் ரேங்க் மாறியிருக்கும். அதற்கும் ஒரு சண்டை.

இன்னொரு புரளியும் அந்நாளில் உண்டு. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பார்கள். 1996-இல் வந்த இந்திப் படமான கிலாடியோன் கா கிலாடியில் அக்ஷய் குமார் அவரை அடித்து வீழ்த்தியதும் பள்ளியில் பாதிப் பேர் மனமுடைந்து போனார்கள். படத்தில் அடி வாங்கியவர் நிஜ அண்டர்டேக்கர் அல்ல, அந்த வேஷம் போட்ட பிரையன் லீ என்பவர் என்று தெரிய வருவதற்குள் நாங்கள் கல்லூரிக்குப் போய்விட்டோம்.

அச்சகத்துக்காரரை விடுங்கள், அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களும் இதைத்தான் செய்தார்கள். புரோ ரெஸ்லிங் இல்லஸ்ட்ரேட்டட் என்ற பத்திரிகை 1991 முதல் ஆண்டுதோறும் 500 வீரர்களை வரிசைப்படுத்துகிறது. முதல் ஆண்டில் ஹல்க் ஹோகன் முதலிடம். மறு ஆண்டு ராண்டி சாவேஜ். 1993, 1994 இரண்டிலும் பிரெட் ஹார்ட். 2003-இல் அதுவரையிலான காலத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு பட்டியல் போட்டார்கள். அதில் ஹோகன் முதல், ரிக் ஃபிளேர் இரண்டாவது. வெற்றி தோல்விக் கணக்கையும் பட்டங்களையும் பார்த்து, எல்லாம் நிஜப் போட்டி என்பது போல முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு செய்யும் வேலை இது. டேவ் மெல்ட்சர் என்ற பத்திரிகையாளரின் வழி வேறு. யார் ஜெயித்தார் என்பதை விட்டுவிட்டு, ஆட்டம் எப்படி இருந்தது என்று நட்சத்திரம் போடுவார். ஐந்துதான் உச்சம் என்று நெடுங்காலம் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்க, 2017-இல் டோக்கியோவில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் மோதியதற்கு ஆறு கொடுத்துவிட்டார். நூற்றுக்கு நூற்றிருபது போடும் வாத்தியார் நமக்கெல்லாம் கிடைக்கவில்லை!

பட்டங்களை எண்ணினால் தீர்ந்துவிடாதா என்பது என் மகனின் கட்சி. ஜான் சீனா 2025-இல் 17-ஆவது முறையாக உலகப் பட்டம் பெற்றார். ரிக் ஃபிளேரின் 16 முறியடிக்கப்பட்டது. ஆனால் 17 முறை பட்டம் வென்றவர் 16 முறை அதை இழந்தோ துறந்தோ இருக்க வேண்டும் அல்லவா? மாறாக, புரூனோ சம்மார்ட்டினோ 1963-இல் வாங்கிய பட்டத்தை 1971 வரை, 2,803 நாள் விடாமல் வைத்திருந்தார். பிறகு இன்னொரு முறை, அவ்வளவுதான். எண்ணிக்கையில் இரண்டு. மகனுடைய ரோமன் ரெய்ன்ஸ் 2020 முதல் 2024 வரை 1,316 நாள். இந்தக் காலத்தில் அது பெரிய விஷயம்தான். ஆனால் புரூனோவின் கணக்கில் பாதிகூட வரவில்லையே என்றால் பையனுக்குக் கோபம் வருகிறது.

புரூனோவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் கதை நம் கதை. இத்தாலியின் மலைக் கிராமத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடமிருந்து தப்ப, தாயார் பிள்ளைகளோடு மலையில் ஒளிந்து வாழ்ந்தார். 1950-இல் நோஞ்சான் பையனாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர் புரூனோ. பள்ளியில் மற்ற பையன்கள் சீண்டியதால் எடை தூக்கப் பழகினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். பின்னாளில் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கம் நிறைந்து வழிந்தது என்றால், வந்தவர்களில் ஏராளமானோர் அவரைப் போலவே ஊர் விட்டு வந்தவர்கள். பகலெல்லாம் அடுத்தவன் பாஷையில் பேச்சு வாங்கிவிட்டு, இரவில் தம் ஆள் ஒருவன் ஜெயிப்பதைப் பார்க்க டிக்கெட் எடுத்தவர்கள். முடிவு எழுதி வைத்ததா இல்லையா என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்குமா?

தாரா சிங் விஷயமும் இதுதான். அமிர்தசரஸ் மாவட்டத்தில் தர்முச்சக் கிராமத்தில் 1928-இல் பிறந்தவர், 1940-களின் இறுதியில் பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனார். மல்யுத்தத்தைத் தொழிலாகக் கற்றது அங்கேதான். கிங் காங் என்ற பெயரில் ஆடிய எமில் சாஜாவோடு அவர் மோதிய பந்தயங்கள் ஆசியா முழுதும் பிரசித்தம். தென்காசிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த புதிதில், மலிவு டிக்கெட்டில் நின்றபடி அவர் ஆட்டத்தைப் பார்த்தவர் என் அப்பா. அவரிடம் போய் ரோமன் ரெய்ன்ஸ் என்றால் எப்படி இருக்கும்? என் அம்மாவுக்கோ அவர் மல்லரே அல்ல. 1987-இல் தூர்தர்ஷன் ராமாயணத்தில் வந்த ஆஞ்சநேயர். "ஆஞ்சநேயருக்கு ரேங்க் போடுவதாவது, கன்னத்தில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று விவாதத்தை முடித்துவிடுவார்.

அப்பாவின் பிரதான ஆதாரம் 1968. அந்த ஆண்டு மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வீழ்த்தி தாரா சிங் உலகப் பட்டம் பெற்றார். இதில் ஒரு சிக்கலை நான் எடுத்துச் சொல்வதுண்டு. என்.டபிள்யூ.ஏ. என்ற அமைப்பின் பிரபலமான உலகப் பட்டத்தை தெஸ் 1966-லேயே ஜீன் கினிஸ்கியிடம் இழந்துவிட்டார். பம்பாயில் கைமாறியது வேறு பெல்ட். உலகப் பட்டம் என்ற பெயரில் அந்நாளில் பல பெல்ட்டுகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஆனால் அப்பாவின் கட்சிக்கு இதைவிட வலுவான சாட்சி தெஸ்ஸேதான். தாரா சிங் உடலைக் கட்டாக வைத்திருந்த அசல் மல்யுத்த வீரர் என்றும், அவரிடம் தோற்பதில் தமக்கு ஆட்சேபம் இருக்கவில்லை என்றும் அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிடி தெரியாதவர்களை மதிக்காத மனிதர் என்று பேர் வாங்கிய தெஸ் இப்படிச் சொன்னதை நான் எந்தப் பெல்ட்டையும் விடப் பெரிதாக நினைக்கிறேன்.

கூட்டத்தில் யாராவது ஒருவர் "காமா பஹல்வானை மறந்துவிட்டீர்களே" என்று எழுந்திருப்பார். மறக்கவில்லை; அவர் வழக்கு வேறு நீதிமன்றத்தைச் சேர்ந்தது. 1910-இல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஷ்கோ, காமாவின் பிடிக்கு அஞ்சி இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகத் தரையோடு தரையாகக் கிடந்தார். ஆட்டம் முடிவில்லாமல் நின்றது. மறு வாரம் ஸ்பிஷ்கோ வரவே இல்லை, பெல்ட் காமாவுக்கு. 1928-இல் பட்டியாலாவில் மறுபடி சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் கதை முடிந்தது. எழுதி வைத்து ஆடுபவர்கள் யாராவது ஒருவர் எதிராளியை இரண்டரை மணி நேரம் தரையில் படுக்க வைப்பார்களா? ஜனங்கள் எழுந்து போய்விட மாட்டார்களா? காமாவை ஹோகனோடு ஒரே பட்டியலில் வைப்பது, நிஜப் போர்வீரனையும் கட்டபொம்மன் வேஷம் போட்டவரையும் ஒன்றாக நிறுத்துவது மாதிரி.

இந்தச் சண்டை நமக்குப் புதிதுமல்ல. சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூறு பாடுகிறது. அவனைப் பற்றி நக்கண்ணையார் பாடிய பாட்டு ஒன்றில் (85) வெற்றி அவனுடையதே என்று ஊரில் ஒரு கட்சியும், இல்லை என்று எதிர்க்கட்சியும் பேசிக்கொள்கின்றன. அவரோ பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்த்துத் தம் முடிவுக்கு வந்துவிடுகிறார். மலிவு டிக்கெட்டுக்காரர்கள் அன்றைக்கும் இருந்திருக்கிறார்கள்.

இனி, கசப்பான பகுதி. ஆட்டத் திறமை ஒன்றை மட்டும் பார்த்தால் கிறிஸ் பென்வாவை முதல் பத்துக்குள் வைக்க வேண்டும் என்று வாதிடும் ரசிகர்கள் இன்றும் உண்டு. 2007 ஜூனில் அவர் மனைவியையும் ஏழு வயது மகனையும் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். மூளையில் கடுமையான சேதம் இருந்ததாகப் பின்னர் பரிசோதித்தவர்கள் கூறினார்கள். வருஷக்கணக்காகத் தலையில் வாங்கிய அடிகள் அவை. "ஆட்டம் வேறு, ஆள் வேறு" என்று என் மகன் ஒருமுறை சொன்னான். அந்தச் சிறுவனுக்கு ஏழு வயது என்பதை மட்டும் அவனிடம் சொன்னேன். அதன் பிறகு அவன் அந்தப் பெயரை எடுப்பதில்லை. ஹோகனையும் இதே தராசில் வைக்க வேண்டும் என்பேன். 1980-களில் இந்தத் தொழிலை ஊரறியச் செய்தவர் அவர்தான். ஆனால் கறுப்பின மக்களைப் பற்றி அவர் பேசியது 2015-இல் வெளியானதும் கௌரவப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். 2018-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். 2025-இல் அவர் இறந்தபோது அழுதவர்களும் உண்டு, அழ மறுத்தவர்களும் உண்டு.

"எல்லாம் பொய்ச் சண்டைதானே" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்போது நான் 1998 ஜூன் 28-ஐச் சொல்வேன். அன்று மிக் ஃபோலி இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து கீழே மேஜை மீது விழுந்தார். யார் ஜெயிப்பது என்பது ஏற்பாடு, விழுந்தது நிஜம். 1999 மே 23 அன்று கான்சாஸ் சிட்டியில் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டிய ஓவன் ஹார்ட் தவறி விழுந்து இறந்தே போனார். டி.வி.யைப் பார்த்துவிட்டுக் கட்டிலிலிருந்து தம்பி மேல் குதிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தப் பெயரைச் சொல்லி வைப்பது நல்லது. எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடிப் பையன் ஒருவன் கழுத்தெலும்பை முறித்துக்கொண்டு ஆறு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை.

அந்த ஓவனின் அண்ணன்தான் பிரெட் ஹார்ட், என் பட்டியலில் முதலிடம் பெறுபவர். கனடாவின் கால்கரியில், மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கும் அப்பாவுக்குப் பிறந்தவர். உயரம், எடை கேட்டால் டிரம்ப் கார்டில் தோற்றுப்போகும் சீட்டு. ஹோகன் அளவுக்குக் கூட்டம் சேர்த்தவரும் அல்ல. ஆனால் தம்மோடு ஆடிய ஒருவரையும் பெரிதாகக் காயப்படுத்தியதில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்வார். இந்தத் தொழிலில் எதிராளி தன் கழுத்தை நம் கையில் கொடுத்துவிட்டுத் தலைகீழாகத் தொங்குகிறான். அதைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, கொடுக்கவில்லை என்று பத்தாயிரம் பேரை நம்ப வைப்பவனே பெரிய ஆட்டக்காரன். இதுதான் என் அளவுகோல். 1997 நவம்பரில் மான்ட்ரியலில், அவர் தோல்வியை ஒப்புக்கொள்ளாதபோதே முதலாளி மணியடிக்கச் சொல்லிப் பட்டத்தைப் பறித்தார். எல்லாம் பேசி வைத்த உலகத்திலும் துரோகத்துக்கு இடமிருக்கிறது! 1999 டிசம்பரில் கோல்ட்பர்க்கின் உதை ஒன்று தலையில் பட்டதோடு ஏறத்தாழ அவருடைய ஆட்ட வாழ்வே முடிந்தது.

இரண்டாமிடம் தாரா சிங்குக்கு; அப்பாவுக்காக அல்ல, தெஸ்ஸின் சாட்சியத்துக்காக. மூன்றாவது புரூனோ. நான்காவது ரிக் ஃபிளேர்: 1989-இல் ரிக்கி ஸ்டீம்போட்டோடு அவர் ஆடிய மூன்று ஆட்டங்களைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஐந்தாவது அண்டர்டேக்கர், பழைய பாசம். 2014-இல் பிராக் லெஸ்னரிடம் அவர் ரெஸில்மேனியாவில் முதன்முறையாகத் தோற்றபோது, 21-க்குப் பக்கத்தில் அந்த ஒன்று விழுந்ததைக் கண்டு, முடிவு எழுதி வைத்தது என்று நன்றாகத் தெரிந்த நானே அன்று சாப்பிடவில்லை. இமாச்சலத்து கிரேட் காலி 2007-இல் உலகப் பட்டம் பெற்றார், 2021-இல் கௌரவப் பட்டியலிலும் சேர்ந்தார். நம் நாட்டவர் என்ற பெருமை எனக்கும் உண்டு, ஆனாலும் ஏழடி உயரம் வேறு, ஆட்டம் வேறு. ஐந்துக்குள் அவருக்கு இடமில்லை. ஹோகனை விட்டுவிட்டதற்கும் காலியை விட்டுவிட்டதற்கும் எழுதப்போகும் வாசகர்கள், யாரை நீக்கிவிட்டு அவர்களைச் சேர்ப்பது என்பதையும் சேர்த்து எழுதவும்.