ஒரே வாளியில் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும்

கறை போகவில்லையென்று கழிவறைத் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேலேயே பாத்ரூம் ஆசிட்டையும் ஊற்றுபவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இரு மடங்கு வெளுக்கும் என்று நம்புகிறார்கள். உண்மையில் கிளம்புவது குளோரின் வாயு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் படை திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம் என்பதால் அது தாழ்வாகவே தங்கும். குத்துக்காலிட்டுத் தேய்ப்பவரின் முகம் இருப்பதும் அங்கேதான்.

சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வேதிவினைகள் நம் வீட்டுக்குள் நடப்பவை. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதிக்கிறதே, அது சேர்க்கை வினை. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். அலுமினியப் பாத்திரத்தில் ஆசிட்டை ஊற்றினால் உலோகம் ஹைட்ரஜனை இடம்பெயர்க்கும். அது தீப்பற்றும் வாயு. காற்றுப் போக வழியில்லாத குளியலறையில் கேஸ் கீசர் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாததால் மயங்கி விழும்வரை தெரியாது. சமன்பாட்டைச் சமன்செய்யப் பழக்கிய பள்ளி இதையும் பழக்கியிருக்க வேண்டும்.

குளோரின் நெடி ஏறிக் கண் எரிந்து இருமல் வந்தால், கழுவிவிட்டுப் போகலாம் என்று நிற்காதீர்கள். உடனே வெளியேறித் திறந்த வெளிக்கு வாருங்கள். கண்ணை ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, 108-ஐ அழையுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நேரலாம். இருமல் நின்றுவிட்டது என்று மருத்துவமனையைத் தவிர்க்காதீர்கள். ஆசிட்டை விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது.

பழைய தண்ணீர் பாட்டிலில் லேபிள் இல்லாமல் ஆசிட் விற்பதை நாம் சகித்துக்கொள்கிறோம், கூடாது. வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான பொருள்களிடமிருந்து பாதுகாப்புப் பெறுவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தரும் உரிமை. போதிய எச்சரிக்கை அச்சிடாத தயாரிப்பாளரிடம் இழப்பீடும் கேட்கலாம். ஆலோசனைக்கு 1915 என்ற எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும்.

அதிகம் பாதிக்கப்படுபவர்கள் அடுக்குமாடிகளிலும் அலுவலகங்களிலும் துப்புரவு செய்பவர்கள். கையுறையும் முகக்கவசமும் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. வேலையில் காயம் பட்டால் முதலாளியிடம் இழப்பீடு கோரலாம், இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிகிச்சையும் உதவித்தொகையும் அங்கே கிடைக்கும். எதற்கும் சான்று வேண்டும். பாட்டிலைத் தூக்கி எறியாமல் லேபிளோடு படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனைச் சீட்டில் எந்தப் பொருளால், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நேர்ந்தது என்று எழுதச் சொல்லுங்கள்.